பிராசசர் மாறியதும் பிளாப்பி ஏன் முரண்டு பிடிக்கிறது?

பழைய கணினி: கேள்வி பதில்

கேள்வி: இன்டெல் 486 டிஎக்ஸ்2-66 இருந்த கணினியில் ஏஎம்டி 5எக்ஸ்86-133 போட்டேன். டாஸ் ஒழுங்காக ஏறுகிறது, ஹார்டு டிஸ்க்கில் குறை இல்லை. ஆனால் பிளாப்பியிலிருந்து நகலெடுக்கும் கோப்புகள் சிதைந்து வருகின்றன. இரண்டு டிரைவ் மாற்றிவிட்டேன், கேபிளும் புதிது. பழைய பிராசசரைத் திரும்பப் போட்டால் எல்லாம் சரியாகிவிடுகிறது.

பதில்: மூன்றாவது டிரைவ் வாங்க வேண்டாம். டிரைவ் மீது தவறே இல்லை. உங்கள் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது.

பழைய டிஎக்ஸ்2-66க்குள் 8 கேபி கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு வேக நினைவகம், இருந்தது. அது 'ரைட்-த்ரூ' வகை. பிராசசர் எதை எழுதினாலும் அது உடனே ராமுக்கும் போய்விடும். புதிதாகப் போட்டதில் 16 கேபி கேஷ், அது 'ரைட்-பேக்' முறையிலும் இயங்கும். அந்த முறையில் மாறிய தரவு கேஷுக்குள்ளேயே தங்கி, இடம் தேவைப்படும்போதுதான் ராமுக்கு இறங்கும். வேகம் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிளாப்பி கன்ட்ரோலரோ பிராசசரைக் கேட்பதே இல்லை. டிஎம்ஏ வழியாக, 2ஆம் சானலில், நேரே ராமோடு பேசுகிறது. எழுதும்போது ராமில் கிடக்கும் பழைய தரவை எடுத்துப் போய்ப் பிளாப்பியில் பதிக்கும். படிக்கும்போது அது ராமில் கொண்டுவந்து வைத்த புதுத் தரவின் மேல், கேஷிலிருந்து இறங்கும் பழைய தரவு வந்து விழும். இதைத் தடுக்க, டிஎம்ஏ நடக்கும்போது "அந்த முகவரி என்னிடம் மாறியிருக்கிறது, பொறு" என்று பிராசசர் மதர்போர்டுக்குச் சொல்ல ஒரு சிக்னல் உண்டு. 'ஹிட்-எம்' என்பார்கள். ரைட்-பேக் பிராசசர்கள் பரவலாகும் முன் வந்த மதர்போர்டுகள் பலவற்றில் அந்தச் சிக்னல் வரும் பிராசசர் காலுக்கு இணைப்பே கிடையாது.

ஹார்டு டிஸ்க் தப்பித்ததும் இதனால்தான். 486 காலத்து ஐடிஇ டிரைவின் தரவைப் பிராசசரே 16 பிட் 16 பிட்டாக வாங்கி ராமில் வைக்கிறது. அங்கே டிஎம்ஏ கிடையாது. சவுண்ட் பிளாஸ்டர் அட்டையில் ஒலி கரகரத்தால் அதுவும் இதே கோளாறாக இருக்கலாம். அடாப்டெக் 1542 போன்ற ஸ்கஸி (இன்னொரு வகை டிஸ்க் இணைப்பு) அட்டை இருந்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். அது பஸ்ஸை, அதாவது தரவு ஓடும் பாதையை, தானே கையில் எடுக்கும் அட்டை, சிதைவு ஹார்டு டிஸ்க்கிலேயே நடக்கும்.

உறுதி செய்துகொள்ள: கணினி ஏறும்போது எஃப்5 அழுத்தித் தொடக்கக் கோப்புகளைத் தவிருங்கள். டிஸ்க் தரவை ராமில் வைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் டிரைவ் என்ற நிரல் ஏறியிருந்தால் சோதனை பொய் சொல்லும். 1 எம்பிக்கு மேற்பட்ட ஒரு கோப்பைப் பிளாப்பிக்கு நகலெடுங்கள். கணினியை அணைத்து ஏற்றி, எஃப்சி கட்டளையில் /பி சேர்த்து இரு நகல்களையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் வரும். பிறகு பயாஸ் அமைப்புத் திரையில் 'இன்டர்னல் கேஷ்' என்பதை அணைத்துவிட்டு, நகலெடுப்பதிலிருந்து மீண்டும் செய்யுங்கள். இப்போது ஒத்துப்போனால் நோய் கேஷில்தான்.

கேஷை நிரந்தரமாக அணைத்து வைக்காதீர்கள், கணினி நத்தையாகிவிடும். ரைட்-த்ரூவுக்கு மாற்றினால் போதும். பயாஸில் அந்தத் தேர்வு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மதர்போர்டில் பிராசசர் வகைக்கான ஜம்பர்களில் (பின்களை இணைக்கும் சிறு மூடிகள்) 'டபிள்யூபி' (ரைட்-பேக்), 'டபிள்யூடி' (ரைட்-த்ரூ) என்று அச்சிட்டது இருக்கும். சாக்கெட்டுக்கு மேல் இடைப்பலகை வைத்துப் பிராசசர் பொருத்தியிருந்தால் அந்தப் பலகையிலேயே ஒரு ஜம்பர் இருக்கக்கூடும். வேகத்தில் இழப்பு சிறிதுதான். கோப்பு சிதையாமல் இருப்பதற்கு அந்த விலையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இன்னொன்று. 133 போதாதென்று பஸ்ஸை 33லிருந்து 40 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி 160 ஆக்கியிருந்தால் வேறு சிக்கல் வரும். அட்டைகள் செருகும் ஐஎஸ்ஏ பஸ்ஸின் வேகம் அதே கடிகாரத்தைப் பகுத்துத்தான் கிடைக்கிறது. 33ஐ 4ஆல் வகுத்தால் 8.3. 40ஐ 4ஆல் வகுத்தால் 10, பல அட்டைகள் அதைத் தாங்காது. பயாஸில் வகுக்கும் எண்ணை 5 ஆக்கினால் 8க்குத் திரும்பும். பிராசசரின் பஸ் வேகத்திலேயே ஓடும் விஇஎஸ்ஏ லோக்கல் பஸ் ஐடிஇ அட்டை என்றால், 33க்கு மேல் போகும்போது மாற்ற வேண்டிய ஜம்பர் அதில் தனியாக இருக்கும்.

கேள்வி: என்னிடம் 486 டிஎக்ஸ்-33 மதர்போர்டு இருக்கிறது. டிஎக்ஸ்4-100 ஒன்று கிடைத்தது. அப்படியே பொருத்தலாமா?

பதில்: பொருத்தாதீர்கள். டிஎக்ஸ்4 ஏறக்குறைய 3.3 வோல்ட்டில் இயங்குவது. டிஎக்ஸ்-33 காலத்துப் பலகை பெரும்பாலும் 5 வோல்ட் மட்டுமே தரும். திரையில் ஏதாவது தெரிந்தாலும் தெரியும், சூடேறிச் சீக்கிரம் செத்துப்போகும்.

முதலில் சாக்கெட்டைப் பாருங்கள். 169 துளை என்றால் சாக்கெட் 1, 238 என்றால் சாக்கெட் 2. இரண்டும் 5 வோல்ட். 237 துளையுள்ள சாக்கெட் 3 இரண்டு மின்னழுத்தத்துக்கும் ஆனது, ஆனால் அதிலும் ஜம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிராசசர் இல்லாமல் மின்சாரம் கொடுத்து, சாக்கெட் அருகிலுள்ள ரெகுலேட்டரின் வெளியீட்டு முனையை மல்டிமீட்டரால் அளந்து பார்ப்பதே என் வழக்கம். பலகையில் அச்சிட்டதை மட்டும் நம்புவதில்லை.

5 வோல்ட் பலகைக்கு மூன்று வழி. 5 வோல்ட் டிஎக்ஸ்2-66 போடுவது எளிது, மலிவு, தலைவலி இல்லை. இன்டெல் டிஎக்ஸ்4 ஓவர்டிரைவ் கிடைத்தால் ரெகுலேட்டர் அதன் உடம்பிலேயே இருக்கிறது. அல்லது ரெகுலேட்டர் வைத்த இடைப்பலகை வாங்கி, கையில் இருக்கும் டிஎக்ஸ்4ஐ அதன்மேல் வையுங்கள். உயரம் கூடும், மேலே டிரைவ் கூடு இடிக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். விசிறியும் அவசியம்.

168 கால்களும் நான்கு திசையிலும் உள்ளே இறங்கிவிடக்கூடியவை. தவறான திசையில் ஒரு முறை மின்சாரம் போனால் போதும், சில்லு காலி. வெட்டுப்பட்ட மூலையைச் சாக்கெட்டின் 1ஆம் கால் குறியோடு சேர்த்துவையுங்கள். சாக்கெட் 2, 3இல் வெளிவரிசை துளைகள் நாற்புறமும் காலியாக நிற்க வேண்டும்.

பஸ் வேகத்தை எத்தனை மடங்காக்குவது என்று சொல்லும் பெருக்கல் ஜம்பரில் பலர் குழம்புகிறார்கள். அந்த ஜம்பர் போகும் பிராசசர் கால், தாழ்நிலையில் டிஎக்ஸ்4க்கு 2 மடங்கு, ஏஎம்டி 5எக்ஸ்86க்கு 4 மடங்கு. உயர்நிலையில் இரண்டுக்கும் 3 மடங்கு. 133 சில்லு 100 என்று காட்டுகிறதே என்றால் ஜம்பரை '2 மடங்கு' இடத்துக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பிளாப்பி டிரைவின் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது.

பதில்: கேபிளின் ஒரு முனை தலைகீழாக இருக்கிறது. சிவப்புக் கோடு 1ஆம் பின் பக்கம் வர வேண்டும்.

கேள்வி: இரண்டாவது பிளாப்பி போட்டாலும் முதல் பிளாப்பியின் கோப்புப் பட்டியலே வருகிறது.

பதில்: இது ஆபத்தானது. இந்த நிலையில் எதையும் எழுதாதீர்கள். பழைய பிளாப்பியின் அட்டவணை புதியதன் மேல் ஏறி இரண்டாவது பாழாகும். வட்டு மாறியது என்று சொல்ல வேண்டிய சிக்னல் 34ஆம் பின்னில் வருகிறது. அந்தக் கம்பி அறுந்திருக்கலாம், கேபிளை மாற்றிப் பாருங்கள். கேபிள் நன்றாக இருந்தால், வேறு வகைக் கணினியிலிருந்து எடுத்த டிரைவாக இருக்கும். அவற்றில் சிலவற்றில் 34ஆம் பின் 'ரெடி' சிக்னலுக்கு வைத்தது. டிரைவின் அடியிலுள்ள ஜம்பரால் மாற்ற முடிகிறதா பாருங்கள்.

கேள்வி: ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக 4 ஜிபி காம்பேக்ட் ஃபிளாஷ் அட்டை வைத்தேன். 486 அதில் 504 எம்பிதான் பார்க்கிறது. அதிலிருந்து ஏறவும் மறுக்கிறது.

பதில்: இரண்டும் தனித்தனிக் கோளாறு. 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார், ஒவ்வொன்றும் 512 பைட். பெருக்கிப் பாருங்கள், சரியாக 504 எம்பி. பழைய பயாஸின் கணக்கு அதோடு முடிகிறது. 504 எம்பி போதுமென்றால் அப்படியே விடுங்கள், டாஸுக்கு அது தாராளம். முழுதும் வேண்டுமென்றால் எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸ் என்ற இலவச மென்பொருளை 8 கேபி ஈப்ராமில் (நிரல் எழுதிவைக்கும் சில்லு) எழுதி, நெட்வொர்க் அட்டையின் காலி ரோம் சாக்கெட்டில், அதாவது பூட் ரோம் வைக்கும் 28 கால் சாக்கெட்டில், செருகுங்கள். எழுதும் முன் செக்சம் (சரிபார்ப்புக் கூட்டுத்தொகை) சரிசெய்ய அதன் கூடவே வரும் நிரல் இருக்கிறது, அதைத் தாண்டிவிடாதீர்கள். அட்டையின் பூட் ரோம் முகவரி டி000 என்றால், டாஸின் நினைவக மேலாளரான ஈஎம்எம்386 வரியில் டி000 முதல் டி1எஃப்எஃப் வரை விலக்கிவையுங்கள். மறந்தால் கணினி பாதி வழியில் உறையும். டாஸ் 6இல் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபியைத் தாண்டாது, ஆகவே இரண்டாகப் பிரியுங்கள்.

ஏற மறுப்பதற்குக் காரணம், புதுக் கணினியில் யுஎஸ்பி ரீடர் வழியாக ஃபார்மேட் செய்ததாக இருக்கும். இரு கணினிகளும் அட்டையை வெவ்வேறு ஹெட் கணக்கில் பார்க்கின்றன. பயாஸ் வேலை முடிந்தபின், அந்த 486இலேயே எஃப்டிஸ்க்கில் பார்ட்டிஷனை அழித்துப் புதிதாகப் போட்டு, 'ஆக்டிவ்' ஆக்கி, எஃப்டிஸ்க் /எம்பிஆர் ஓட்டி, ஃபார்மேட் /எஸ் செய்யுங்கள். கேமராவுக்கு விற்ற அட்டைகளில் முதல் செக்டாரில் ஏற்றும் நிரலே இருக்காது என்பதால் அந்த /எம்பிஆர் முக்கியம்.

கேள்வி: கடற்கரை ஊர். பெட்டி நிறைய 3.5 அங்குலப் பிளாப்பிகள். சில படிக்கின்றன, சில கரகரவென்று சத்தம் போடுகின்றன. ஒன்று கெட்டதும் அடுத்து நல்லவையும் படிக்கவில்லை.

பதில்: பூஞ்சணம். ஈரக் காற்றுள்ள ஊர்களில் இது தப்பாது. ஒரு பிளாப்பியின் பூஞ்சணம் ஹெட்டில் அப்பிக்கொண்டு அடுத்ததைச் சுரண்டுகிறது. உடனே நிறுத்துங்கள்.

எதையும் டிரைவில் போடும் முன், உலோக மூடியைத் தள்ளி, நடுவிலுள்ள உலோக வட்டத்தை விரலால் சுழற்றி, இரு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெண்புள்ளி, மங்கல் வளையம், கீறல் எதுவும் இருந்தால் தனியே வையுங்கள். ஒளி ஊடுருவும் வளையம் தெரிந்தால் காந்தப் பூச்சே போய்விட்டது, அந்த இடத்துத் தரவு திரும்பாது.

பூஞ்சணம் மட்டுமே என்றால் உறையை மெல்லப் பிரித்து வட்டை எடுத்து, நூல் உதிராத துணியில் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, அழுத்தாமல் துடையுங்கள். பூச்சு துணியில் பழுப்பாக ஒட்டினால் நிறுத்துங்கள். காய்ந்ததும் வேறொரு சுத்தமான உறையில் போடுங்கள், பழைய உறையின் உள்துணியிலும் பூஞ்சணம் இருக்கும். எழுத்துத் தடைத் துளையைத் திறந்துவைத்து, முதலில் முழு வட்டையும் இமேஜாக, அதாவது ஒரே கோப்பு நகலாக, எடுங்கள். டாஸ் படிக்காததையும் கிரீஸ்வீசல் போன்ற கருவி பல சுற்று படித்து மீட்பதுண்டு.

ஹெட்டைத் துடைக்கும்போது மேல் ஹெட்டின் கையைத் தூக்கி வளைக்காதீர்கள். மெல்லிய தகட்டில் நிற்கிறது, வளைந்தால் அந்த டிரைவ் முடிந்தது. நகரும் தண்டில் கட்டியான பழைய கிரீஸை எடுத்துவிட்டு லித்தியம் கிரீஸ் துளியளவு வையுங்கள்.

கேள்வி: பிபிசி மைக்ரோ ஒன்று கிடைத்திருக்கிறது. பிளாப்பியின் பட்டியல் வருகிறது, கோப்பு ஏற்றினால் 'டிஸ்க் ஃபால்ட் 18' என்கிறது.

பதில்: நம் நாட்டில் 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' பள்ளிக் கணினித் திட்டத்துக்கு வந்தது இந்த வகைக் கணினிதான், பத்திரமாகப் பாருங்கள். 18 என்றால் தேடிய செக்டார் கிடைக்கவில்லை. 80 டிராக் (வட்டத் தடம்) டிரைவில் 40 டிராக் வட்டைப் போட்டிருக்கிறீர்கள். பட்டியல் இருப்பது டிராக் 0இல், அது இரண்டுக்கும் ஒரே இடம். டிராக் 1 முதல் தடம் மாறிவிடுகிறது. டிரைவில் 40/80 சுவிட்ச் இருந்தால் 40க்குத் தள்ளுங்கள். பிசியின் 5.25 அங்குல 1.2 எம்பி டிரைவை மாட்டியிருந்தால் கழற்றுங்கள். அது நிமிடத்துக்கு 360 சுற்று, இதற்கு வேண்டியது 300. கேபிளில் முறுக்கு இருக்கக்கூடாது, டிரைவ் ஜம்பர் 0இல் நிற்க வேண்டும்.

அதற்கு முன் பவர் சப்ளையைத் திறந்து, மின்சாரம் நுழையும் இடத்திலுள்ள 0.1, 0.01 மைக்ரோஃபாரட் கபாசிட்டர்களைப் பாருங்கள். ஒளி ஊடுருவும் உறையில் மெல்லிய விரிசல்கள் தெரிந்தால் அவை எந்த நாளும் புகை கக்கி வெடிக்கும். அதே அளவு, நேரடி மின்சாரத்தில் வைக்கத்தக்க எக்ஸ்2 வகை புதியது போட்ட பிறகே மறுபடி இயக்குங்கள். பிளக்கைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்து திறப்பது நல்லது, உள்ளே பெரிய கபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.