முயலுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. குளிப்பாட்டலாமா, எந்த பிரஷ் வாங்குவது?

குளிப்பாட்டவே வேண்டாம். இங்கே பெங்களூரில் கடைக்குப் போனால் நாய் ஷாம்புவைத்தான் எடுத்து நீட்டுவார்கள், வாங்காதீர்கள். முயலின் அடிமுடி சீக்கிரம் காயாது, உடம்புச் சூடு இறங்கிவிடும், சில முயல்கள் பயத்திலேயே ஒடுங்கிப்போகும். டிசம்பர் குளிரில் கேட்கவே வேண்டாம்.

கொட்டுவது நோய் இல்லை. ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடி மாறும், ஒரு தடவை லேசாக, அடுத்த தடவை வீடு முழுக்க. கம்பிப்பல் பிரஷும் பிளேடு வைத்த சீப்பும் வேண்டாம், தோல் ரொம்ப மெல்லியது, கிழிந்துவிடும். நான் செய்வது இதுதான்: தரையில் டவல் விரித்து, கையை லேசாக ஈரமாக்கி, முடி படிந்திருக்கும் வாக்கிலேயே தடவுவேன், பாதி முடி கையோடு வந்துவிடும், அப்புறம் ரப்பர் பிரஷ். வால் பக்கம் துருத்தி நிற்கிற கொத்தை விரலால் எடுக்கலாம், வராவிட்டால் விட்டுவிடுங்கள். மல்லாக்கப் போட்டுச் சீவாதீர்கள். அசையாமல் கிடப்பது சுகத்தில் இல்லை, பயத்தில். திமிறி உதைத்தால் முதுகெலும்பே முறியலாம்.

என்னைக் கேட்டால் பிரஷைவிடப் புல்தான் முக்கியம். முயலுக்கு வாந்தி எடுக்க வராது, நக்கி விழுங்கிய முடி புழுக்கையோடுதான் வெளியே போயாக வேண்டும், அதற்கு நார் வேண்டும். புழுக்கைகள் முடியில் கோத்த மணி மாதிரி வந்தால் புல் போதவில்லை என்று அர்த்தம். திமோதி புல் (முயலுக்கென்று விற்கிற காய்ந்த புல்) எப்போதும் தட்டில் இருக்கட்டும். கூடவே மல்லேஸ்வரம், காந்தி பஜாரில் பிள்ளையாருக்கென்று விற்கிற அருகம்புல்லை (கன்னடத்தில் கரிகே என்று கேளுங்கள்) நன்றாகக் கழுவிக் கொடுக்கலாம். குதிரைமசால் (அல்ஃபால்ஃபா) மட்டும் வளர்ந்த முயலுக்கு தினமும் வேண்டாம், சுண்ணாம்புச் சத்து அதிகம். அரை நாள் சாப்பிடாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், குடல் நின்றுபோயிருக்கும், உடனே டாக்டர்.

அப்புறம், முதுகிலும் கழுத்துக்குப் பின்னாலும் பொடுகு மாதிரி செதில் உதிர்ந்தால் அது பூச்சியாக இருக்கலாம். நாய்க்கு அடிக்கிற உண்ணி ஸ்பிரேயை எடுத்து அடித்துவிடாதீர்கள், அதில் பிப்ரோனில் என்கிற பூச்சிமருந்து இருந்தால் முயலுக்கு விஷம். ஹெப்பால் கால்நடைக் கல்லூரியிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கே போனாலும் முயல் பார்க்கிற டாக்டர் இருக்கிறாரா என்று போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.