முதலில் வாட்டு, பிறகு கூட்டம்

கேள்வி: என் கணவருக்குத் தோட்டத்து ஃபெக்டரியில் வேலை. தினமும் அரைப் போத்தல் சாராயம், காசில்லாத நாளில் கசிப்பு. காலையில் ஒரு மடக்கு உள்ளே போகாவிட்டால் பிளேன்டீக் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாமல் கை நடுங்குகிறது. இப்போது அவரே விட வேண்டும் என்கிறார். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம் இருக்கிறதாமே, எங்கே தேடுவது? லயத்தில் யாருக்கும் தெரியக்கூடாது. நாத்தனார் ஒரு மாத்திரை வாங்கி வந்து, அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு சகோதரி, மஸ்கெலியா

பதில்: கொடுக்க வேண்டாம் சகோதரி. அது பெரும்பாலும் குடியை விடவைக்கக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையாக இருக்கும். அது உடம்பில் இருக்கும்போது சாராயம் பட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் இறங்கும்; உயிரே போகலாம். வைத்தியர்கள் இதை நோயாளிக்குச் சொல்லித்தான் கொடுப்பார்கள். அதுவும் கடைசியாகக் குடித்து 12 மணித்தியாலமாவது ஆன பிறகுதான். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு கிழமை வரை அதன் வேகம் இருக்கும். விஷயம் தெரிந்துவிட்டால் நீங்கள் போடும் ஒவ்வொரு சோற்றையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

கூட்டத்தைவிட அவசரம் அந்தக் கை நடுக்கம். இப்படி நடுங்குகிறவர் ஒரே நாளில் நிறுத்தினால் 6 முதல் 12 மணித்தியாலத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் கூடும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாமல், இல்லாததை இருப்பதாகக் கண்டு பிதற்றலாம். அதைப் பேய் பிடித்ததென்று கோயிலுக்குத் தூக்கிப் போவதில் போகிற நேரம் ஆபத்தானது. வைத்தியரைப் பார்க்கும் வரை போத்தலைப் பிடுங்கிக் கானில் ஊற்றாதீர்கள்.

டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியாவுக்கோ காலையிலேயே போய், மனநல கிளினிக் என்றைக்கு என்று கேளுங்கள். காசு கட்டத் தேவையில்லை. ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: ஒரு நாளைக்கு எவ்வளவு, முதல் மடக்கு எத்தனை மணிக்கு, கசிப்பு என்றால் எத்தனை கிளாஸ், முன்பு வலிப்பு வந்ததா. பலர் வெட்கத்தில் அளவைக் குறைத்துச் சொல்வார்கள். அதை நம்பி, நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கக் கொடுக்கும் மருந்து போதாமல் போய்விடும். வாட்டில் சில நாள் வைத்து, மருந்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள், பி1 விட்டமினும் கொடுப்பார்கள். வீட்டில் வலிப்பு வந்தாலோ, கசிப்புக் குடித்தபின் கண் மங்கினாலோ 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இனி கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. இலங்கையிலும் இருக்கிறது. கிளினிக்கிலேயே கேளுங்கள், இல்லையென்றால் 1926 (மனநல உதவி இலக்கம்) அல்லது 1927 (அபாயகர ஔடதக் கட்டுப்பாட்டுச் சபை). தமிழில் கதைக்கிறவரைக் கேட்டு எடுங்கள். "கூட்டம் எங்கே" என்பதோடு வைத்துவிடாதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடியும், தமிழில் நடக்குமா, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று கேளுங்கள். மூடியது குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். துணைக்குப் போன நீங்கள் வெளியே நிற்க வேண்டிவரும். முடியும் நேரம் முக்கியம். மஸ்கெலியாவுக்குக் கடைசி பஸ் போன பிறகு முடிகிற கூட்டத்துக்கு ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் போகமாட்டார்.

தோட்டத்துக்குப் பக்கத்தில் கூட்டம் இருந்தால்கூட, வேறு டவுனில் உள்ளதையே தேடுங்கள். உள்ளே பெயரை மட்டும் சொன்னால் போதும். எந்தத் தோட்டம் என்று சொல்லத் தேவையில்லை. கட்டணம் இல்லை. ஒரு பெட்டி சுற்றி வரும், போட முடிந்தால் போடலாம். (முன்பணம் கேட்கிற இடம் ஏ.ஏ. அல்ல.) சில இடங்களில் சேர்ச் மண்டபத்தில் நடக்கும்; மதம் மாற்றுகிறார்களோ என்று மாமியார் பயந்தால், இடம் வாடகைக்கு எடுத்தது, ஏ.ஏ. எந்தச் சமயத்தையும் சேர்ந்ததல்ல என்று சொல்லுங்கள்.

முதல் நாள் அவர் திரும்பி வந்து, "அவங்க அளவுக்கு நான் மோசமில்ல" என்பார். அநேகமாக எல்லோரும் சொல்வதுதான். வாதாடாமல் அடுத்த கிழமையும் பஸ் காசை எடுத்து வையுங்கள். ஒரு கூட்டத்தை வைத்து முடிவு கட்ட முடியாது, நாலைந்தாவது பார்க்க வேண்டும். அங்கே பழையவர் ஒருவரின் போன் நம்பரை அவரே கேட்டு வாங்கட்டும். 10ஆம் திகதி சம்பளம் கைக்கு வந்ததும், கடைப்பக்கம் கால் திரும்புமுன் எடுக்க வேண்டிய கோல் அது.

கிட்டத்தில் எதுவுமே இல்லையென்றால்? குடியை விட நினைக்கிற இரண்டு மூன்று பேர் அதற்காகவே சேர்ந்து உட்கார்ந்தால் அதுவே ஏ.ஏ. குழுதான், அனுமதிக் கடிதம் வேண்டாம். கிளினிக்கில் பழக்கமான ஒருவர், ஒரு அறை, ஞாயிறு பின்னேரம் ஒரு மணித்தியாலம் போதும். போனில் சேரக்கூடிய தமிழ்க் கூட்டங்களும் உண்டு; லயத்தில் சிக்னல் கிடைக்கிற மேட்டை முதலில் பார்த்து வையுங்கள்.

குடிப்பவரின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது. 1926ஐ அழைக்கும்போது உங்களுக்காக அதையும் கேளுங்கள். அவர் வராத கிழமையிலும் நீங்கள் போகலாம்.