வாசகர் கேள்வி – பதில்: கட்டின் கடைசிச் சீட்டு

கேள்வி: மேஜிக் த கேதரிங் சீட்டாட்டத்தில் பிளாக் லோட்டஸ், சேனல், ஃபயர்பால் ஆகிய மூன்று சீட்டுகளும் கையில் வந்தால் நம் முதல் முறை வந்ததுமே வென்றுவிடலாம் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்கிறார்கள். நால்வர் ஆடும் எங்கள் கமாண்டர் மேசையில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்களே, ஏன்?
– கல்லூரி மாணவர், சென்னை

பதில்: அது இருவர் ஆட்டத்தின் கணக்கு. கணிதவியலாளரான ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்து 1993இல் வெளியான அந்த ஆட்டத்தில் ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளிகள். மலை நிலச் சீட்டு ஒன்றிலிருந்து சிவப்பு மானா (சீட்டுகளைப் போடக் கொடுக்கும் விலை) ஒன்று கிடைக்கும். லோட்டஸைப் பலியிட்டால் பச்சை மானா மூன்று கிடைக்கும். அவற்றில் இரண்டைச் சேனலுக்குக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு உங்கள் உயிர்ப்புள்ளி ஒவ்வொன்றையும் ஒரு மானாவாக மாற்றிக்கொள்ளலாம். 19 புள்ளிகளைக் கொடுத்து ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மிஞ்சிய பச்சை மானாவையும் சேர்த்தால் 20 ஆகிறது. சிவப்பு மானா ஃபயர்பாலின் அடிப்படை விலைக்குப் போக, அதற்கு மேல் கொடுக்கும் மானா ஒவ்வொன்றும் ஒரு புள்ளி சேதமாகிறது. எதிராளியின் 20 புள்ளிகளும் கூடாமல் குறையாமல் தீர்ந்துவிடும்.

கமாண்டர் ஆட்டத்தில் ஆளுக்கு 40 புள்ளிகள், எதிரே மூவர். ஆக மொத்தம் 120. சேனல், லோட்டஸ் இரண்டும் அங்கே தடைசெய்யப்பட்டவை. தடை இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், 39 புள்ளிகளைக் கொடுத்து ஒருவரை வீழ்த்திவிட்டு, கையில் ஒரே ஒரு புள்ளியுடன், கோபமாக இருக்கும் மற்ற இருவர் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் நண்பர்கள் சிரிப்பது அதை எண்ணித்தான்.

கேள்வி: நீங்கள் நேரில் பார்த்த காம்போ (சேர்ந்து வேலை செய்யும் சீட்டுகளின் கூட்டு) வெற்றிகளில் மறக்க முடியாதது எது?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: நான் சொல்லப்போகும் ஆட்டத்தில் வென்றவர் காம்போ போட்டவர் அல்லர். ஆனாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

நண்பர் ஒருவரின் கமாண்டர் (கட்டுக்குத் தலைமை தாங்கும் சீட்டு) ‘நிவ்-மிசெட், த ஃபயர்மைண்ட்’ என்ற டிராகன். 2006இல் வந்த இந்தச் சீட்டை வைத்திருப்பவர் கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்கும் ஒவ்வொரு தடவையும், அது யாருக்காவது ஒரு புள்ளி சேதம் விளைவிக்கும். தவிர, அதைப் பக்கவாட்டில் திருப்பினாலே ஒரு சீட்டு எடுக்கலாம். இதன் மேல் ‘கியூரியாசிட்டி’ என்ற மந்திரத்தைப் போர்த்தினால், எதிராளிக்குச் சேதம் விழும்போதெல்லாம் ஒரு சீட்டு எடுக்கலாம். சீட்டு எடுத்தால் சேதம், சேதம் விழுந்தால் சீட்டு என்று செக்குமாடுபோல இது சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் சுற்று கட்டோடு முடிந்துவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 100 சீட்டில் கமாண்டர் தனியே நிற்க, தொடக்கத்தில் கைக்கு ஏழு போனால் கட்டில் மிஞ்சுவது 92. எதிரே இருப்பதோ 120 புள்ளிகள். ஆகவே ஆட்டம் பாதி தேய்ந்த பிறகுதான் இது பலிக்கும்.

அன்று அது தேய்ந்திருந்தது. நண்பரின் கட்டில் 71 சீட்டுகள் இருந்தன. எங்கள் மூவரிடம் முறையே 29, 24, 17 என மொத்தம் 70 புள்ளிகள் இருந்தன. அவர் இருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, இருந்த மானா முழுவதையும் செலவழித்துக் கியூரியாசிட்டியைப் போட்டு, டிராகனைத் திருப்பினார். முதலில் நான் போனேன், அடுத்து என் பக்கத்தில் இருந்தவர் போனார். கட்டில் 18 சீட்டுகள், மூன்றாமவரிடம் 17 புள்ளிகள். அவர் வாயே திறக்காமல் சேதத்தை வாங்கிக்கொண்டே வந்தார். தம்மிடம் ஒரு புள்ளியும் கட்டில் ஒரு சீட்டும் மிச்சமிருந்து, கடைசிச் சேதம் விழ வேண்டிய நேரத்தில், “ஒரு நிமிடம்” என்று சொல்லி, மூன்று புள்ளிகள் தரும் சாதாரண மந்திரம் ஒன்றை மேசையில் வைத்தார்.

நான்காகிய புள்ளி, விழ இருந்த சேதத்தால் மூன்றானது. கியூரியாசிட்டியில் எழுதியிருப்பது “எடுக்கலாம்” என்பதுதான், “எடுக்க வேண்டும்” என்பதன்று. நண்பர் அங்கே நிறுத்தியிருந்தால், அடுத்த முறையில் மிச்சமிருக்கும் ஒரு சீட்டை எடுத்துவிட்டு, டிராகனை ஏவித் தாக்கியே முடித்திருக்க வாய்ப்புண்டு. ஓட்டத்தில் இருந்த கை நிற்கவில்லை. கடைசிச் சீட்டையும் எடுத்துவிட்டார். எதிராளிக்கு மிஞ்சியவை இரண்டு புள்ளிகள். கை நிறையச் சீட்டுகள் இருந்தும் அவற்றைப் போட ஒரு மானாகூட இல்லை. எதிராளி தம் முறையில் எதுவும் செய்யாமல் சும்மா இருந்தார். நண்பரின் முறை வந்ததும் வெற்றுக் கட்டிலிருந்து சீட்டு எடுக்க வேண்டியதாகி, விதிப்படி தோற்றார். அந்த மந்திரம் முன்கூட்டியே விழுந்திருந்தால் நண்பர் கணக்கை மாற்றிப் போட்டிருப்பார் என்பதால், அவ்வளவு நேரம் கையை இறுக்கிப் பிடித்துக் காத்திருந்ததில்தான் ஆட்டமே இருந்தது. நாங்கள் இருவரும் தோற்றுப்போனதையே மறந்து கைதட்டினோம்.

கேள்வி: எர்த்கிராஃப்டும் ஸ்குவிரல் நெஸ்டும் சேர்ந்ததும் “முடிவற்ற அணில்கள்” என்றேன். எத்தனை என்று எண் கேட்டார்கள். பத்து லட்சம் என்றேன். என் அடுத்த முறை வருவதற்குள் ஒருவர் ராத் ஆஃப் காட் போட்டு அத்தனையையும் அழித்துவிட்டார். என் பிழை என்ன?
– வாசகர், கோவை

பதில்: எண் கேட்டது சரியே. நிறுத்தக்கூடிய சுழற்சியை எத்தனை தடவை செய்கிறீர்கள் என்று ஓர் எண்ணாகச் சொல்லியாக வேண்டும். (எவராலும் நிறுத்த இயலாத கட்டாயச் சுழற்சி என்றால் ஆட்டம் சமன்.)

பிழை நேரத்தில்தான். ஸ்குவிரல் நெஸ்ட் ஒட்டிய அடிப்படை நிலத்தைத் திருப்பினால் ஓர் அணில் பிறக்கிறது; எர்த்கிராஃப்டைக் கொண்டு அந்த அணிலைத் திருப்பினால் நிலம் நிமிர்கிறது. அன்று பிறந்த அணில் அன்றே தாக்க முடியாது. நிலத்தை நிமிர்த்தச் சாய்ந்துவிட்டதால் தடுக்கவும் முடியாது. நீங்கள் உங்கள் முறையிலேயே செய்துவிட்டதால், பத்து லட்சம் அணில்களும் மூன்று பேருடைய முறைகளைச் சும்மா படுத்தபடியே கடக்க வேண்டியதாயிற்று. இந்த இரண்டு திறன்களையும் பிறர் முறையிலும் பயன்படுத்தலாம். உங்களுக்கு முன்னால் ஆடுபவரின் முறை முடியும் தறுவாயில் செய்திருந்தால், உங்கள் முறை தொடங்கியதும் அணில்கள் நிமிர்ந்து நேரே தாக்கப் போயிருக்கும். ஆனால் அதுவரை இரண்டு சீட்டுகளும் மேசையில் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருக்கும் என்பதால், கூட்டத்தின் அழுத்தத்தைத் தாங்கப் பேச்சுத் திறமையும் கொஞ்சம் தேவை.

கேள்வி: டீமானிக் கன்சல்டேஷனும் தாசாஸ் ஆரக்கிளும் போட்டு வெல்வது தவறா? என் குழுவில் யாரும் என்னோடு ஆட வர மறுக்கிறார்கள்.
– வாசகர், மதுரை

பதில்: விதிப்படி தவறே இல்லை. ஆரக்கிள் களத்துக்கு வந்து அதன் திறன் நிறைவேறுவதற்கு முன்பே, கட்டில் இல்லாத ஒரு சீட்டின் பெயரைச் சொல்லிக் கன்சல்டேஷனைப் போட்டால் கட்டு முழுவதும் காலியாகும். கட்டு காலியானால் ஆரக்கிள் வெற்றியைத் தருகிறது. மொத்தச் செலவு மூன்றே மானா. அதற்குள் ஆரக்கிளைக் கொன்றாலும் பயனில்லை. போட்டி மனப்பான்மையோடு ஆடுவோரிடம் இது கூர்மையான ஆயுதம்.

பொழுதுபோக்குக்காக ஆடுவோரின் நிலை வேறு. 2025 பிப்ரவரியில் ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் கமாண்டர் கட்டுகளுக்குச் சோதனை முறையில் வெளியிட்ட ஐந்து படிநிலைகளில், கீழ் இரண்டு படிகளில் இரண்டே சீட்டில் முடியும் முடிவற்ற காம்போக்கள் வேண்டாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. உங்களுடையது சுழற்சியே அன்று என்று நீங்கள் வாதிடலாம். என் மேசையில் அந்த வாதம் எடுபட்டதில்லை. சிங்கப்பூர் வாசகிக்குச் சொன்ன ஆட்டத்தில் மேசையில் இருந்தவர்கள் எண்ணவும் தடுக்கவும் இடமிருந்தது; உங்கள் காம்போவில் அவர்களுக்கு மிஞ்சுவது சீட்டுகளைக் கலைத்து அடுக்கும் வேலைதான். ஒரு மாதம் அந்த இரண்டு சீட்டுகளையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, அதை முன்கூட்டியே குழுவிடம் சொல்லிப் பாருங்கள்.