முடிவு தெரிந்த கதை

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஒரு சிறிய வீடியோ கேம் நிறுவனத்தில் கதை எழுதும் பணியில் இருக்கிறேன். நல்லவனாகத் தொடங்கும் ஓர் இளவரசன், தன் நாட்டைக் காப்பாற்றப் போய் அதையே அழிப்பவனாக மாறுவதுதான் எங்கள் விளையாட்டின் கதை. முதல் மிஷனிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது என்றும், வார்கிராஃப்ட் என்ற வீடியோ கேமில் வரும் இளவரசன் ஆர்தஸின் கதையைப் போல இதுவும் தேய்ந்த கதை என்றும் நண்பர்கள் கேலி செய்கிறார்கள். நான் வார்கிராஃப்ட் 3 ஆடியதில்லை. அதன் லோர் (கதைப் பின்னணி) முழுவதையும் யூடியூபில் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வது சரி என்றே படுகிறது. ஊகிக்க முடிவது குறைதானா? முடிவை மாற்றிவிடட்டுமா? வீடியோ கேமை இலக்கியமாகக் கருத முடியுமா என்றும் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியை விட்டுவிடுகிறேன். இலக்கியம் என்ற பட்டம் கிடைப்பதாலோ கிடைக்காததாலோ நீங்கள் எழுதப்போகும் அடுத்த வரியில் எந்த மாற்றமும் வரப்போவதில்லை. நண்பர்களின் கேலியும் பொருட்படுத்தத் தக்கதல்ல. ஆனால் ஆர்தஸைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை அப்படி விட முடியவில்லை. அண்மையில் அக்கா மகன் ஊருக்கு வந்திருந்தபோது நாங்கள் இருவரும் இதையேதான் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அவன் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் வீட்டுக் கணினியில்தான் அந்த விளையாட்டை ஆடினான். நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். ஆர்தஸ் கடைசியில் என்ன ஆவான் என்பதை வகுப்பு நண்பர்கள் முன்பே சொல்லிவிட்டதால், அவனுக்கு அதில் ஒளிவுமறைவு எதுவும் இருக்கவில்லை. ஸ்ட்ராத்ஹோம் நகரம் வந்தது. நோய் கலந்த தானியம் அங்கே விநியோகிக்கப்பட்டுவிட்டது. அதை உண்டவர்கள் நடைப்பிணங்களாகிவிடுவார்கள். நகரத்தையே அழிக்க வேண்டும் என்கிறான் ஆர்தஸ். குருவைப் போன்ற உதர் மறுக்கிறார். அவரைப் பொறுப்பிலிருந்து நீக்குகிறான். அவன் நேசித்த ஜெயினா, இதைக் காண முடியாது என்று விலகிப் போகிறாள். அதுவரை நாம் பார்வையாளர்கள். அதன் பிறகு மவுஸ் நம் கைக்கு வந்துவிடுகிறது. மால்கானிஸ் என்னும் அசுரத் தலைவன் அந்த மக்களைத் தன் படையில் சேர்த்துக்கொண்டே வருகிறான். திரையில் இரண்டு எண்ணிக்கைகள் ஏறுகின்றன. அவன் 100 பேரைச் சேர்ப்பதற்குள் நாம் 100 பேரைக் கொன்றாக வேண்டும்.

பையன் தன் படையை ஓர் ஓரமாக நிறுத்தினான். "யாரையும் கொல்லாம இருந்தா என்ன ஆகும் மாமா?" என்று கேட்டான். மால்கானிஸின் எண்ணிக்கை 100 ஆனது, மிஷன் தோற்றது. மறுபடி தொடங்கினான், மறுபடி நின்றான், மறுபடி தோற்றான். "அப்ப வேற வழியே இல்லையா?" என்று என்னைப் பார்த்து அவன் கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது. அதன் பிறகு ஒரு வார்த்தை பேசாமல் வீடுகளை ஒவ்வொன்றாக இடித்து முடித்தான். முடிவு தெரிந்திருந்ததால்தான் அந்தக் கை தயங்கியது. தெரியாத பிள்ளை அதை எண்ணிக்கைப் போட்டியாகவே ஆடி முடித்திருப்பான்.

நீங்கள் கேட்ட யூடியூப் சுருக்கத்தில் இது எவ்வளவு நேரம் வந்தது? "ஆர்தஸ் ஸ்ட்ராத்ஹோம் மக்களைக் கொன்றான்" என்று ஒரு வாக்கியம் வந்திருக்கும். கதை எழுதிச் சம்பளம் வாங்கும் ஒருவர், ஒரு மிஷனைக்கூட ஆடிப் பார்க்காமல், சுருக்கத்தைக் கேட்டுவிட்டுத் தேய்ந்த கதை என்று தீர்ப்பெழுதுவதை நான் மன்னிக்கமாட்டேன். சுருக்கிச் சொன்னால் எந்தக் கதையும் கேட்ட கதைதான். 2002-இல் பிளிஸார்ட் நிறுவனம் அந்த விளையாட்டை வெளியிட்டபோதும், நல்ல இளவரசன் கெட்டுப்போவது யாருக்கும் புதிய செய்தியாக இருந்திருக்காது. அவர்கள் அதை ஒளிக்கவும் இல்லை. ஃப்ராஸ்ட்மோர்ன் வாளை எடுக்கப் போகும்போது, அது சபிக்கப்பட்டது என்பதை உடன் வரும் நண்பன் முராடின் பீடத்திலிருந்தே படித்துச் சொல்கிறான். என் நாட்டைக் காப்பதற்காக எந்தச் சாபத்தையும் ஏற்பேன் என்கிறான் ஆர்தஸ். அதற்கு முந்தைய மிஷனையும் பாருங்கள். ஊர் திரும்பும்படி அரச கட்டளை வந்து, வீரர்கள் கப்பல்களை நோக்கிக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் கரை சேர்வதற்குள், கூலிப்படையை அமர்த்தி நம் கப்பல்களை நாமே எரிக்கிறோம். பிறகு அந்தக் கூலிப்படைதான் எரித்தது என்று பழி போட்டு, வீரர்களை அவர்கள்மேல் ஏவுகிறான் ஆர்தஸ். அவன் கெட்டுப்போவான் என்பதை ஊகித்தவர் எவரும், அந்தப் பொய்யின் வேலையைத் தம் கையால் செய்யப்போகிறோம் என்பதை ஊகித்திருக்கமாட்டார். முடிவு எங்கே என்று தெரிந்த பிறகும் ஒவ்வொரு அடியும் நியாயமாகத் தோன்றும்படி எழுதுவதுதான் கடினமான வேலை. அதை அவர்கள் செய்திருந்தார்கள்.

ஊகிக்கவே முடியாத கதை வேண்டும் என்றால் அதையும் அதே நிறுவனம் தந்தது. 2020-இல் அந்தக் கதையின் தொடர்ச்சியாக வந்த ஷேடோலேண்ட்ஸில் ஜெய்லர் என்று அதுவரை எவரும் கேள்விப்படாத ஒருவன் வருகிறான். அந்த வாளும், ஆர்தஸ் பின்னாளில் லிச் கிங் என்னும் நடைப்பிணங்களின் அரசனாகி அணிந்த கிரீடமும் அவன் ஏற்பாட்டில் உருவானவையாம். எவரும் எதிர்பார்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஓர் இளைஞன் தன் அன்பினாலும் ஆணவத்தினாலும் தேடிக்கொண்ட அழிவு, 18 ஆண்டுகள் கழித்து, யாரோ ஒருவனின் சதிக்கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது. 2022-இல் ஆர்தஸின் ஆன்மாவில் மிஞ்சியிருந்த சிறு ஒளி, சில வசனங்களுக்குப் பிறகு அணைந்துபோனது. அந்தக் காட்சியைப் பற்றிப் பேசும்போது அக்கா மகனுக்குக் குரல் கோபத்தில் நடுங்கியது. எனக்கும் அதே கோபம் உண்டு. புதுமை காட்ட வேண்டும் என்ற பதற்றத்தில் தங்கள் மிகச்சிறந்த பாத்திரத்தையே அவர்கள் சிறுமைப்படுத்திவிட்டார்கள்.

பழகிய கதையாக இருந்தால்தான் சில அதிர்ச்சிகளே சாத்தியம். ஸெல்டா விளையாட்டு வரிசையில் தீமை எழும்போது பச்சை உடை அணிந்த வீரன் வருவான் என்பது எல்லோருக்கும் தெரியும். 2002-இல் வந்த விண்ட் வேக்கர், அந்தப் பழைய கதையைச் சொல்லத் தொடங்கி, தீமை திரும்பி வந்தபோது மக்கள் காத்திருந்தார்கள், வீரன் வரவில்லை என்கிறது. முன்கதை பழகாதவருக்கு அது வெறும் தகவல்.

குறை எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் ஆண்டு உறங்கிய தீமை விழிக்கும், நினைவிழந்த நாயகன் எழுவான், கிராமத் தலைவர் பத்து ஓநாய்த் தோல் கொண்டு வரச் சொல்வார். அங்கே எனக்குச் சலிப்புத் தருவது, அந்தத் தலைவருக்கு அந்தத் தோல் எதற்கு என்று எழுதியவரே யோசித்ததில்லை என்பதுதான். அவர் மகளுக்குக் குளிர்காய்ச்சல், போர்த்த எதுவும் இல்லை என்றால் அதே ஓநாய் வேட்டைக்கு நான் மனமுவந்து போவேன்.

நீங்கள் நல்ல மனத்தோடு கேட்டிருக்கிறீர்கள். உங்கள் இளவரசன்மேல் உங்களுக்கு அன்பு இருப்பதும் கடிதத்தில் தெரிகிறது. ஆனால் அவன் என்ன ஆகிறான் என்று மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். ஆடுபவரின் கையைக் கொண்டு அவன் என்னென்ன செய்விக்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. முடிவைத் தொட வேண்டாம். முதலில் வார்கிராஃப்ட் 3-இல் மனிதர்களின் பகுதியைத் தொடக்கத்திலிருந்து நீங்களே ஆடுங்கள். பிறகு உங்கள் இரண்டாவது, மூன்றாவது மிஷன்களில் ஆடுபவர் எந்த வேலையைச் செய்யத் தயங்குவார் என்று எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.