கரடி பாதி தின்று எறியும் சால்மன் மீன் வீணாகிறதா?

கடலூர் முதுநகரில் கழிசல் மீன்கூடக் கோழித்தீவனத்துக்குப் போவதைப் பார்க்கும் நமக்கு, அலாஸ்காவின் பழுப்புக் கரடி பாதி மீனை எறிவது உறுத்தத்தான் செய்யும். ஆனால் அதில் எதுவும் வீணில்லை.

குளிர்காலம் முழுக்க உண்ணாமல் உறங்கும் கரடிக்குக் கொழுப்பு வேண்டும். மீன் மலிந்த நாள்களில் மூளை, முட்டை, தோல் ஆகியவற்றை மட்டும் தின்னும். வரத்துக் குறைந்தால் முழு மீனையும் தின்றுவிடும். மற்றக் கரடிகள் பறித்துவிடாமல் இருக்க, மீனைக் கவ்விக்கொண்டு காட்டுக்குள் போகும். அங்கே கிடக்கும் மிச்சத்தில் ஈ முட்டையிடும், புழு நெளியும், பறவைகள் கொத்தும். கடைசியில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மண்ணில் இறங்கும். கரடியின் சிறுநீர் வழியாகவும் ஏராளமான நைட்ரஜன் போகிறது.

முட்டையிடக் கடலிலிருந்து ஆறேறி வரும் சால்மன், தன் எடையில் பெரும்பகுதியைக் கடலில்தான் பெறுகிறது. அந்த உடலில் நைட்ரஜன்-15 என்ற கனமான வகை கூடுதலாக இருக்கும். ஆற்றோர ஸ்புரூஸ் மரங்களின் ஊசியிலைகளில் அதை அளந்து கண்டிருக்கிறார்கள். கடல் மரத்துக்குள் ஏறியதற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியவில்லை.

உல்லம் மீனும் கடலிலிருந்து ஆறேறி முட்டையிடும், ஆனால் அதோடு சாவதில்லை. பசிபிக் சால்மன் செத்துவிடும். அதனால் கரடி தொடாத மீன்களும் அழுகி ஆற்றுக்கே உரமாகின்றன.