மழையில் பறிபோன விம்பிள்டன் இறுதி ஆட்டம்

நண்பரே, 2025 விம்பிள்டன் பெண்கள் இறுதி ஆட்டத்தின் நடுவே பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் உங்கள் வீட்டு டிடிஎச் படம் போய்விட்டது, திரும்பியபோது பரிசளிப்பு நடந்தது, அனிசிமோவா காயத்தால் விலகினாரா என்று கேட்டிருந்தீர்கள். விலகவில்லை. இகா ஸ்வியாடெக் 6-0, 6-0 என்று 57 நிமிடங்களில் ஆட்டத்தை முடித்துவிட்டார். விம்பிள்டன் பெண்கள் இறுதியில் 1911-க்குப் பிறகு அதுவரை ஒரு கேம்கூட எடுக்காமல் யாரும் தோற்றதில்லை. அரையிறுதியில் அப்போதைய முதல்நிலை வீராங்கனை சபலென்காவையே வீழ்த்திய அனிசிமோவாவுக்கு அப்படி நேர்ந்தது எனக்கு இன்னும் வருத்தம்தான். மறுநாள் ஆண்கள் இறுதியில் சின்னர் முதல் செட்டை இழந்தும் அல்கராஸை 4-6, 6-4, 6-4, 6-4 என்று வென்றார்.

இனி உங்கள் டிஷ். டிடிஎச் பயன்படுத்தும் கேயு (Ku) என்ற உயர் அதிர்வெண் அலைவரிசையைக் கனமழை எளிதில் மங்கச் செய்யும். மழை விட்டதும் படம் தானாக வந்துவிடும். ஆனால் உங்கள் பக்கம் மழையைவிடப் பாலக்காட்டுக் கணவாயின் ஆடிக்காற்றைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். வானம் தெளிந்திருக்கும்போதும் படம் கட்டம் கட்டமாக உடைகிறதா? அப்படியானால் டிஷ் சற்றே திரும்பியிருக்கிறது. கம்பத்தின் போல்ட்டுகளை இறுக்கி, செட்டாப் பாக்ஸில் சிக்னல் அளவைப் பார்த்தபடி திசையைச் சரிசெய்யச் சொல்லுங்கள். தகரக் கூரையில் நிற்கும் கம்பம் என்றால் சுவருக்கு மாற்றிவிடுங்கள்.

மழையில் மட்டும்தான் போகிறது என்றால் கேபிள் இணைப்பே நல்லது. கேபிள்காரர்களின் பெரிய டிஷ்கள் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த அதிர்வெண் கொண்ட சி (C) அலைவரிசையில் சிக்னலை வாங்குகின்றன. மழை அதை அவ்வளவாகப் பாதிக்காது.