போர்ட்ல சலைன் போகுது, ரத்தம் வரலையா?

அம்மாவோட கீமோ போர்ட்ல (புற்றுநோய் மருந்து ஏத்த தோலுக்கு அடியில வைக்கிற சின்னக் கருவி; அதிலிருந்து ஒரு குழாய் ரத்தக்குழாய்க்குள்ள போகும்) சலைன் சுலபமா இறங்குது, ஆனா சிரிஞ்சால இழுத்தா ரத்தம் திரும்பி வரலைன்னு எழுதியிருந்தீங்க. அடிக்கடி நடக்கிறதுதான். பெரும்பாலும் குழாய் நுனியில ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகிற புரதம்) படலம் படிஞ்சிருக்கும்; உறிஞ்சும்போது மட்டும் ஒருவழிக் கதவு மாதிரி மூடிக்கும். போர்ட்ல குத்துற ஹூபர் ஊசி சரியா உட்காராட்டியும் இப்படி ஆகும். முதல்ல இருமச் சொல்வாங்க, கையைத் தூக்கச் சொல்வாங்க. பல சமயம் அதிலேயே சரியாயிடும் (பார்க்கிறவங்களுக்குச் சிரிப்பா இருக்கும்!). இல்லைன்னா ஆல்டிப்ளேஸ்ங்கிற, ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்தை உள்ளே விட்டு, 30 நிமிஷத்திலிருந்து 2 மணி நேரம் வரை காத்திருந்து பார்ப்பாங்க.

ஒண்ணுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. "சலைன்தான் போகுதே"ன்னு, ரத்தம் வராமலே டாக்ஸோரூபிசின் மாதிரி கீமோ மருந்தை ஏத்த விடாதீங்க. அந்த மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிஞ்சா சதையே அழுகிடும். ஏத்தும்போது எரிச்சலோ வீக்கமோ தெரிஞ்சா உடனே நர்ஸ்கிட்ட சொல்லணும்னு அம்மாகிட்டயும் சொல்லி வைங்க.